ஹைப்பர்வைசர் (பொறுப்பு)

வெள்ளாறு மக்காச்சோள உற்பத்தியாளர் சங்கத்தின் பெரம்பலூர் அலுவலகத்தில் செயலாளர் என்று ஒருவர் பதினோரு வருஷமாகக் கிடையாது. செயலாளர் (பொறுப்பு) தான் உண்டு. பழைய செயலாளர் ஓய்வு பெற்ற அன்று, புதியவர் வரும்வரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நல்லதம்பியிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். புதியவர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். கிடங்கு மேலாளர் (பொறுப்பு), எடைமேடை மேற்பார்வையாளர் (பொறுப்பு) ஆகிய இருவரும்கூட நல்லதம்பியேதான். தனக்குத் தானே கடிதம் எழுதிக்கொண்டு, பதில் வரத் தாமதமானால் நினைவூட்டுக் கடிதமும் அனுப்புவார்.

அடைப்புக்குறி இல்லாமல் அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அறிவரசன், அலுவலக உதவியாளர். சங்கம் எதை வாங்கினாலும் அதன்மேல் ஸ்டாக் நம்பரை மஞ்சள் பெயிண்டில் எழுதுவது அவர் வேலை. எழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். நாற்காலி, பீரோ, மின்விசிறி என்று ஆரம்பித்துத் தண்ணீர்ப் பானை வரை நம்பர் ஏறியிருந்தது. பானை உடைந்து மூன்று வருஷம் ஆகிறது. நம்பர் எழுதிய சில்லை மட்டும் வருடாந்திரச் சரிபார்ப்புக்காக அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் அதற்கு ஒரு டிக் விழுகிறது.

இன்னொருத்தி சிவரஞ்சனி. தற்காலிகக் கணினி இயக்குநர். ஏழு வருஷமாகத் தற்காலிகம். பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை அவளை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். மறுநாள் காலை குன்னத்திலிருந்து அதே பஸ்ஸில் வந்து புதிதாகச் சேர்ந்துகொள்வாள். புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் அவளுக்கு லீவு சேர்வதே இல்லை. அப்படியும் ஒரு தடவை, தங்கச்சி மகன் காதுகுத்துக்கு ஒரு நாள் கேட்டு எழுதிப் பார்த்தாள். ‘17-ஆம் எண் கணினியை எழுப்பத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லாததால் பரிந்துரைக்க இயலவில்லை’ என்று எழுதித் திரும்பி வந்தது. காதுகுத்தை வீடியோவில் பார்த்தாள்.

அந்த 17-ஐப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சங்கத்தில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. 18-இல் உறுப்பினர் பட்டியல், 19-இல் அன்றாட விலைப்பலகை, 17-இல் டோக்கன். மக்காச்சோளம் ஏற்றி வரும் டிராக்டர் டோக்கன் இல்லாமல் எடைமேடையில் ஏறக் கூடாது. கையால் எழுதிய டோக்கன் செல்லாது என்று அரியலூர் மண்டல அலுவலகத்தின் சுற்றறிக்கை இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கை கையால் எழுதப்பட்டது என்பது வேறு விஷயம்.

17-க்கு வயது பத்தொன்பது. இடது விலாவில் இரண்டு தட்டுத் தட்டி, விசிறிக்கும் மூடிக்கும் நடுவில் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துச் செருகினால் எழுந்திருக்கும். குன்னம் டிக்கெட்தான் சரியான கனம். வேறு ஊர் டிக்கெட்டை அது ஏற்பதில்லை. போன தை மாதம் எந்த டிக்கெட்டுக்கும் மசியாமல் நாலு நாள் படுத்துவிட்டது. இரண்டாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. களத்தில் தார்ப்பாய் போட்டு நின்ற டிராக்டர்களில் ஒன்று வேப்பூர் மலர்கொடியுடையது. மானாவாரியாக விதைத்து, படைப்புழுவுக்குத் தப்பித்து, காட்டுப்பன்றிக்குத் தப்பித்து, கடைசியில் சங்கத்து வாசலில் அவள் சோளம் முளைத்தது. ஐந்தாம் நாள் அவள் பச்சை முளை விட்ட சோளத்தை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து சிவரஞ்சனியின் மேசையில் வைத்தாள்.

“இத எந்தக் காட்டுல புள்ள ஊனறது?” என்று மட்டும் கேட்டாள்.

சிவரஞ்சனிக்கு அவமானமாக இருந்தது. அவமானப்பட வேண்டியவர்கள் வேறு யாரும் அன்று அலுவலகத்தில் இல்லாததால் எல்லார் பங்கையும் அவளே பட்டாள். அடுத்த வருஷம் இப்படி நடக்காது அத்தே என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஆடி மாதம் ஏதோ ஒரு திட்டத்தில், யாரும் கேட்காமலே, சங்கத்துக்கு ஒரு சர்வர் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அறிவரசன் பெட்டியின் மேல் 41 என்று எழுதினார். பிரித்த பிறகு, முகப்பு முழுக்கப் பொடிப்பொடி ஓட்டையாக இருப்பதைப் பார்த்து, எழுத இடமில்லையே என்று ஒரு தகரத்தை வெட்டி அந்த ஓட்டைகளின் மேல் ஒட்டி அதில் 41 எழுதினார். அவை காற்று போகும் வழி என்று சிவரஞ்சனி சொல்லி, தகரத்தைப் பக்கவாட்டுக்கு மாற்ற ஒரு குறிப்பு, ஒரு ஒப்புதல், பதினாறு நாள் ஆயின.

அவளுக்கு அந்தப் பெட்டியைக் கண்டதும் உயிர் வந்தது. காரணம் இருந்தது. ஒரு சிமெண்ட் ஆலையின் அலுவலகக் கழிவு ஏலத்தில் அவள் கணவன் அஜித்குமார் வாங்கி வந்த பழைய மெஷின் ஒன்று குன்னத்து வீட்டில் இருந்தது. துணி மடித்து வைக்க உயரம் சரியாக இருக்கிறது என்றுதான் அவன் வாங்கினான். ஒரே மெஷினுக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அவள் அதில் மூன்று நாலு ஹைப்பர்வைசர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, பழைய மெஷினிலும் முகம் சுளிக்காமல் ஓடியது, தினம் ஒரு பிரதி தானாக எடுத்து வைத்தது, காசு கேட்கவில்லை என்பதால் ப்ராக்ஸ்மாக்ஸ் என்பதைத் தேர்ந்திருந்தாள். தேர்வதற்கு அவளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அதிலும் ஒரு ஞாயிறு பாதி நாள் கரண்ட் இல்லை.

அதே முறையில் 17, 18, 19 மூன்றையும் 41-க்குள் குடிவைத்துவிடலாம் என்று நல்லதம்பியிடம் போய்ச் சொன்னாள். அவருக்குப் புரியும்படி, சார், ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி, ஒரு குடித்தனத்துச் சத்தம் இன்னொன்றுக்குக் கேட்காது, ஹைப்பர்வைசர்தான் வீட்டுக்காரர், ஒரு மத்தியானத்தில் போட்டுவிடலாம் என்றாள். நல்லதம்பி பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை. வாடகை ஒப்பந்தம் உண்டா என்று கேட்டார். பிறகு ஒரு புதுக் கோப்பு எடுத்து, நாடா கட்டி, மேலே ‘குடித்தனம் — பொது’ என்று எழுதினார். அந்தப் பெயர் கடைசிவரை மாறவில்லை.

“எல்லாஞ் சரிம்மா. ஆனா காசு இல்லாம ஒண்ண எப்புடி வாங்கறது? மூணு கொட்டேஷன் வேணுமே.”

மூன்று கொட்டேஷன் வாங்கினாள். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஜெயப்பிரகாஷ் அவளுக்காக ஒரு தாளில் ‘விலை: இல்லை’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். ‘இல்லை’ என்பது விலை ஆகாது என்று அரியலூரிலிருந்து திரும்பியது. ‘பூஜ்யம்’ என்று எழுதிக் கொடுத்தார். சந்தை நிலவரத்தைவிட மிகக் குறைவான விலை, விளக்கம் தேவை என்று மறுபடி திரும்பியது. ‘எவ்வளவு குறைத்தாலும் இதற்குக் கீழ் எங்களால் கொடுக்க இயலாது’ என்று அந்த மனுஷர் விளக்கம் எழுதினார். கேலியாகத்தான் எழுதினார். அலுவலகத்தில் அதை உறுதிமொழியாக ஏற்றுக்கொண்டு கோப்பில் சேர்த்தார்கள்.

ஆவணியில் ஹைப்பர்வைசர் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. ஏழு பேர். தலைவர் முத்துசாமி, சங்கத்தின் தலைவரும் அவரே. முப்பது ஏக்கர் சோளக்காடு, வெள்ளைச் சட்டை, மைக் இல்லாவிட்டாலும் மைக்குக்கு முன்னால் நிற்பது போன்ற குரல். முதல் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை தீர்மானப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

“ஹைப்பர்வைசர்னா என்னன்னு எனக்குத் தெரியாது. இங்க இருக்கற ஏழு பேருக்கும் தெரியாது. அத நான் பெருமையா சொல்லிக்கறேன். தெரிஞ்சவன் தேர்ந்தெடுத்தா அவனுக்குப் புடிச்சதத்தான எடுப்பான்? நாங்க நடுநிலையா எடுப்போம். இந்தம்மாவுக்குத் தெரியும்ங்கறாங்க. அதனாலதான் அவங்கள கமிட்டில போடல.”

ஏழு பேரும் கை தட்டினார்கள். சிவரஞ்சனி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் சொன்னதில் எங்கோ தப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

தகுதிகளை வரையறுக்கப் புரட்டாசி முழுவதும் ஆனது. ஐந்து வருஷ அனுபவம் இருக்க வேண்டும், வேறு எந்தச் சங்கத்திலும் கடன் நிலுவையில் இருக்கக் கூடாது, மாவட்டத்தைச் சேர்ந்ததற்கு முன்னுரிமை. ஐப்பசியில் மூன்று விண்ணப்பங்கள் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டன. விண்ணப்பங்களை எழுதியது சிவரஞ்சனி. அழைப்பாணைகளைத் தட்டச்சு செய்ததும் அவளே. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டதும் அவளே.

நேர்காணல் அன்று மூன்று லேப்டாப்களில் மூன்று ஹைப்பர்வைசர்களை நிறுவிக்கொண்டு வந்திருந்தாள். குழு மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். லேப்டாப்பை எங்கே வைப்பது என்று கேட்டாள். நாற்காலியில்தான் என்றார் நல்லதம்பி. வைத்தாள். அறிவரசன் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தார். பின்னால் நின்று அவள் பதில் சொல்லலாம் என்றும், ஆனால் பதில்கள் வேட்பாளருடையதாகவே பதிவாகும் என்றும் முடிவாயிற்று.

முதலில் ப்ராக்ஸ்மாக்ஸ் உட்கார்ந்தது. பெயரைக் கேட்டதும், இதைப் பூச்சிமருந்துக் கடையில் கேட்டால் அரை லிட்டர் டப்பாவாகவே கொடுத்துவிடுவான் என்றார் முத்துசாமி. சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். வியன்னா என்றாள். நம் மாவட்டத்தில் உறவினர்கள் உண்டா என்றார்கள். குன்னத்தில் ஒன்று ஓடுகிறது என்றாள். அது குறித்துக்கொள்ளப்பட்டது. ஒரு உறுப்பினர், உள்ளே இருக்கும் ஒரு மெஷின் படுத்தால் மற்ற இரண்டும் படுக்குமா என்று கேட்டார். அத்தனை மாதத்தில் யாரும் கேட்காத, கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். சிவரஞ்சனி ஆசையாக வாயைத் திறந்தாள். அந்தக் கேள்வி பொருள் நிரலில் இல்லை என்று தலைவர் தள்ளிவிட்டார்.

“முக்கியமான கேள்வி இது. மேலிடத்து உத்தரவு இல்லாம இது தானா ஏதாச்சும் செய்யுமா?”

“செய்யாதுங்க சார். சொன்னாத்தான் செய்யும்.”

“சொன்னதத் தப்புன்னு சொல்லுமா?”

“சில நேரம் சொல்லுங்க சார். எர்ரர்னு வரும்.”

முத்துசாமி பேனாவைக் கீழே வைத்தார். மேலதிகாரி சொன்னதைத் தப்பு என்று சொல்லும் ஒன்றை இந்தச் சங்கத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். அதற்குள் மூன்றாவது லேப்டாப்பில் பேட்டரி தீர்ந்து திரை அணைந்தது. ‘மூன்றாம் வேட்பாளர் தம் முறை வரும்வரை காத்திராமல், முன்னனுமதியின்றி வெளியேறினார்’ என்று பதிவு செய்தார்கள். மற்ற இரண்டுக்கும் சம மதிப்பெண். எனவே, வேலை செய்துகொண்டிருக்கும் ஹைப்பர்வைசர் ஒன்றை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று தீர்மானமாயிற்று.

மார்கழியில் ஒரு வேன் பிடித்து ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு ஆலைக்குப் போனார்கள். அங்கிருந்த பொறியாளர் குளிரூட்டிய அறைக்குள் கூட்டிப்போய் ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார். அதில் ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஹைப்பர்வைசர் எங்கே என்று முத்துசாமி கேட்டார். இதற்குள்தான் ஓடுகிறது என்றார் பொறியாளர். நிறுத்திக் காட்டச் சொன்னார். நிறுத்தினால் ஆலை நின்றுவிடும் என்றார் அவர். பெட்டிக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். சால்வை மூடிய பத்து நிமிஷத்தில் பெட்டி சூடேறிச் சத்தம் போட ஆரம்பித்ததால் கிளம்ப வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில் கங்கைகொண்ட சோழபுரம் பார்த்தார்கள். அது திரும்பும் வழியில் இல்லை. கோவில் வாசலில் நின்று முத்துசாமி, இத்தனை பெரிய கல்லையெல்லாம் எந்தக் கமிட்டியும் இல்லாமலா தூக்கி வைத்திருப்பார்கள் என்று கேட்டார்.

சிவரஞ்சனி வேனில் போகவில்லை. 17-ஐ விட்டு அவளால் நகர முடியாது. அன்று மத்தியானம் மலர்கொடி வந்தாள். ஏதோ உரம் விசாரிக்க வந்தவள் போலத்தான் வந்தாள்.

“கருது நல்லா புடிச்சிருக்கு புள்ள. தைல ஒடிச்சிருவேன். அந்தப் பொட்டி இந்த வருசமும் படுத்துக்குமா?”

கமிட்டி போயிருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. கூச்சமாக இருந்தது. படுக்காது அத்தே என்றாள், இரண்டாவது தடவையாக. மலர்கொடி போன பிறகு 17-இன் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். தோசைக்கல் மாதிரி இருந்தது.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் 17-லிருந்து புகை வாடை வந்தது. அடுத்த இரண்டு நாள் சனி, ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை அறிவரசனிடம் சாவி வாங்கிக்கொண்டு, பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு, 41-இல் ப்ராக்ஸ்மாக்ஸைப் போட்டு, மூன்று பழைய டிஸ்குகளையும் அதற்குள் படியெடுத்தாள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது மூன்றரைக்கு முடிந்தது. நடுவில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச்சாதம் சாப்பிட்டாள். 17 கடைசி ஃபைலைக் கொடுத்து முடித்த கையோடு ஒரு முனகலுடன் நின்றது. பிறகு எந்த ஊர் டிக்கெட்டுக்கும் எழவில்லை. பழைய பெட்டிகள் மூன்றையும் துடைத்து, பானைச் சில் இருந்த அலமாரியில் அடுக்கினாள். மானிட்டர்களும் கீபோர்டுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. திங்கட்கிழமை டோக்கன் சரசரவென்று வந்தது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. அந்த அலுவலகத்தில் ஒன்று வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது.

பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் அரியலூரிலிருந்து ஜெயசீலன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மண்டல ஆய்வாளர். வருடாந்திரச் சரிபார்ப்பு. சிவப்பு மை பேனாவும் பெரிய ரிஜிஸ்டருமாக அறை அறையாக நடந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து டிக் போட்டார். பானைச் சில்லுக்கு டிக் விழுந்தது. அதன் பக்கத்தில் இருந்த 17, 18, 19-க்கும் டிக் விழுந்தது. சிவரஞ்சனி மூச்சு விட்டாள். அந்த நேரம் பார்த்து வெளியே கவுண்டரில் பிரிண்டர் சத்தம் கேட்டது.

ஜெயசீலன் நின்றார். அலமாரியைப் பார்த்தார், கவுண்டரைப் பார்த்தார்.

“பதினேழு இங்க படுத்திருக்கு. அப்ப அங்க டோக்கன் அடிக்கறது யாரு?”

அதுவும் பதினேழுதான் என்று அவள் சொன்னாள். அவளால் பொய் சொல்ல முடியவில்லை. 41-இன் திரையைத் திறந்து மூன்று பெயர்களையும் காட்டினாள். பழையது உடம்பு, சார், இது உள்ளே ஓடுவது என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் இருபத்தாறு வருசமா சரிபாக்கறேன்மா. இருக்கறது இருக்கான்னு பாக்கறதுதான் என் வேல. ஓடுதா ஓடலியாங்கறது என் வேல இல்ல. ஒண்ணு கொறஞ்சா திருட்டு, எழுதிரலாம். மூணு கூடியிருக்கே, இத நான் எந்தத் தலைப்புல எழுதறது?”

நல்லதம்பி வெளிறிப் போனார். அதிக இருப்பு என்பது அவர் கேட்டே இராத குற்றம். தற்காலிக ஏற்பாடாக, கூடுதல் மூன்றுக்கும் உடனே நம்பர் எழுதச் சொன்னார் ஜெயசீலன். அறிவரசன் மஞ்சள் டப்பாவோடு வந்து, திரையில் பெயர்கள் தெரிந்த இடத்தில், மானிட்டரின் கண்ணாடி மேலேயே 17அ, 18அ, 19அ என்று முத்து முத்தாக எழுதினார். சிவரஞ்சனி மவுஸை லேசாக அசைத்தபோது பட்டியல் ஒரு வரி மேலே போய், 18-இன் மேல் 17அ உட்கார்ந்தது. இனி யாரும் மவுஸைத் தொடக் கூடாது என்று ஜெயசீலன் உத்தரவிட்டார். அப்புறம்தான் அவருக்கு அடுத்தது உறைத்தது. தேர்வுக் குழு இன்னும் தேர்வே செய்யாத ஒரு ஹைப்பர்வைசர், பத்து நாளாக அலுவலகத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது.

ஆறு மாதமாக அசையாத மண்டல அலுவலகம் அன்று ஒரே ராத்திரியில் அசைந்தது. மறுநாள் காலை பஸ் கண்டக்டர் கையில் உறை வந்தது. ‘முறையாகத் தேர்வு செய்யப்படாத ஹைப்பர்வைசரை இன்று பிற்பகல் மூன்று மணிக்குக் குழுவின் முன்னிலையில் நிறுத்திவிட்டு அறிக்கை அனுப்பவும். பணியாளர் மீது மெமோ தனியே.’

மெமோவைப் பற்றி அவள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. வெளியே பார்த்தாள். களத்தில் நாற்பத்து மூன்று டிராக்டர்கள் நின்றன. பச்சைமலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பதினோராவதாக நின்ற டிராக்டரின் மேல் ஏறி மலர்கொடி தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கிடங்குக்குள் இடம் இருந்தது, எடைமேடை சும்மா கிடந்தது. குழு வரும்வரை எதையும் தொடக் கூடாது என்று டோக்கனைக் காலையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

மூன்று மணிக்கு ஏழு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஜெயசீலன் ரிஜிஸ்டரோடு நின்றார். முத்துசாமி சுருக்கமாக இருபது நிமிஷம் பேசினார். பிறகு சிவரஞ்சனியை 41-இன் சுவிட்சின் அருகில் நிறுத்தி, சொன்னதும் அமுக்கச் சொன்னார்கள். அவள் விரலை வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளத் தலையைத் திருப்பியபோது நல்லதம்பியின் மேசைமேல் இருந்த ‘செயலாளர் (பொறுப்பு)’ பலகை கண்ணில் பட்டது. அவள் சாமர்த்தியமாக எதையும் யோசிக்கவில்லை. தோன்றியதைக் கேட்டாள், அவ்வளவுதான்.

“சார், நீங்க இந்த சீட்ட விட்டுப் போவணும்னா என்ன சார் செய்யணும்?”

“என்னம்மா இப்பப் போயி. அடுத்தவரு வந்து சார்ஜ் எடுக்கணும். சாவி கைமாறணும். ஆளில்லாம சீட்ட விட்டுட்டுப் போனா சஸ்பெண்டுல்ல?”

“அப்ப இது யாருகிட்ட சார் சார்ஜ் குடுத்துட்டு நிக்கறது?”

அது வேறு, இதை யாரும் நியமிக்கவே இல்லையே என்றார் ஜெயசீலன். நல்லதம்பி தம் பலகையைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் சொல்லாதது போல மெதுவாகச் சொன்னார்.

“என்னையும் யாரும் செலக்ட் பண்ணலீங்களே. பதினோரு வருசமா நான் நடத்தல?”

ஜெயசீலன் தம் சட்டைப் பையைக் குனிந்து பார்த்தார். அதில் குத்தியிருந்த அடையாள அட்டையில் ‘மண்டல ஆய்வாளர் (பொறுப்பு)’ என்று இருந்தது. நாலு வருஷம்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. தேர்வு செய்தால்தானே கொட்டேஷன், நேர்காணல், அனுபவம் எல்லாம்? பொறுப்புக்கு எதுவுமே வேண்டாம். நிரந்தர ஹைப்பர்வைசர் தேர்வாகும்வரை இப்போது இருப்பதே கூடுதல் பொறுப்பாகத் தொடரும் என்று ஐந்தே வரியில் தீர்மானம். கூடுதலாக இருந்த மூன்று கம்ப்யூட்டர்களும் ‘பொறுப்பு அலுவலரின் பொறுப்பில் உள்ளவை’ என்று ஜெயசீலனின் ரிஜிஸ்டரில் ஒரு தலைப்பின் கீழ் அடங்கின. தீர்மானத்தில் ‘பொறுப்பு’ என்ற சொல்லை எழுதும்போது நல்லதம்பியின் கை அப்படிக் குழைந்தது. விதிப்படி சாவி ஒப்படைக்க வேண்டும் என்று டோக்கன் கவுண்டரின் சாவியை ஒரு நூலில் கட்டி 41-இன் கழுத்தில், அதாவது தகரத்தில், மாட்டினார்கள். அறிவரசன் நம்பருக்குக் கீழே ஒரு அடைப்புக்குறி எழுதினார். அவர் எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான்.

மூன்றே முக்காலுக்கு டோக்கன் வர ஆரம்பித்தது. பதினோராவது வண்டி நாலரைக்கு எடைமேடை ஏறிக் கிடங்குக்குள் போனது. நாற்பத்து மூன்றாவது வண்டியின் பின்சக்கரம் கிடங்கு வாசலைத் தாண்டும்போது மழை சடசடவென்று இறங்கியது. மலர்கொடி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னலண்டை வந்தாள்.

“நனையல புள்ள” என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

சிவரஞ்சனிக்கு மெமோ வரவில்லை. பங்குனியில் பணியாளர் முதுநிலைப் பட்டியல் வந்தது. முதல் மூன்று இடத்தில் நல்லதம்பி. நாலாவது ஹைப்பர்வைசர் (பொறுப்பு). ஐந்தாவது அறிவரசன். அடிக்குறிப்பில், தற்காலிகக் கணினி இயக்குநர் இனி ஹைப்பர்வைசரின் (பொறுப்பு) நேரடிக் கட்டுப்பாட்டில் பணிபுரிவார் என்றும், அவருடைய விண்ணப்பங்கள் யாவும் அதன் பரிந்துரையோடு வர வேண்டும் என்றும் இருந்தது. தேர்வுக் குழு மாதா மாதம் கூடி நிரந்தர ஹைப்பர்வைசருக்கான தகுதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. டீ வாங்கி வருவது மட்டும் இப்போது அறிவரசன்.

சித்திரையில் தங்கச்சியின் இரண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். ஏழு வருஷப் பழக்கத்தில் அவளுக்குக் கேட்கவே தோன்றவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்த அடிக்குறிப்பு ஞாபகம் வந்தது. விண்ணப்பத்தை எழுதி, ‘வழி: ஹைப்பர்வைசர் (பொறுப்பு)’ என்று குறித்து, 41-இலிருந்தே அச்செடுத்தாள். அடியில் ஒரு வரி தானாக வரும்படி செய்திருந்தாள்: ‘பரிந்துரைக்கப்படுகிறது. இவர் இல்லாதபோது பணியை நான் பார்த்துக்கொள்வேன்.’

நல்லதம்பி அதை இரண்டு முறை படித்தார். முறைப்படி மேலதிகாரியின் பரிந்துரை இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

காதுகுத்தில் குழந்தை சிவரஞ்சனியின் மடியில் உட்கார்ந்துதான் அழுதது. நடுவில் ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தாள். அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அன்று அங்கே அறுபத்தேழு டோக்கன் வந்திருந்தது.